கொடும்பாவியைப் படம் பிடித்தவன்

சினிமாவில் கேமரா பிடிக்கிறவனுக்குக் கண் முக்கியம் என்பார்கள். என் அனுபவத்தில் வயிறுதான் முக்கியம், எது நடந்தாலும் முதலில் கலங்குவது அதுதான்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. யாரிடமும் பாடம் கேட்டதில்லை. பழைய புத்தகங்களைப் படித்தும், படங்களைக் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்ட தொழில். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, செத்தவரை நாற்காலியில் சாய்த்து எடுக்கும் கடைசிப் போட்டோ என்று காலம் போய்க்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருடம், முழுநீளக் கலர் படம் ஒன்றுக்கு நான் கேமரா பிடிக்கும்படி ஆனது. கையில் காசில்லாமல் வீடு கட்டத் தொடங்கியவர்களும், பாதிச் சாமான் சேருமுன் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும் இதைப் படித்தால் என் பக்கம் நிற்பார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் பட்டதும் நான் பட்டதும் ஒரே பயம்தான்.

என் தகுதி

படத்தின் டைரக்டர் தங்கவேலு. உரக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து அந்த வேலையை விட்டவர். ஏரி வற்றிய ஊரில், மதகைத் திறந்து மூடும் வேலைக்காரன் திறக்கத் தண்ணீர் இல்லாமல் என்ன ஆகிறான் என்பதுதான் அவர் எழுதிய கதை. மனைவியின் நகைகள் வீட்டை விட்டுப் போயிருந்தன. மாமனார் பேச்சை நிறுத்தியிருந்தார். படம் வந்தால் தங்கவேலு ஊரில் இருப்பார், வராவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது போய்விடுவார் என்பது கடைத்தெருவுக்கே தெரியும்.

அவர் என்னைத் தேடி வந்தபோது உள்ளதைச் சொன்னேன். சினிமா கேமராவைத் தொட்டதில்லை. கலரில் ஒரு படமும் எடுத்ததில்லை. கறுப்பு வெள்ளை என்றால் என் இருட்டறையிலேயே கழுவிப் பார்த்துவிடலாம். கலர் சென்னை லேபுக்குத்தான் போகவேண்டும். தவணை தவணையாக அனுப்ப நமக்கு வசதி இல்லை; எல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒரே தடவையாகத்தான் கொண்டு போக முடியும். அதுவரை டப்பாவுக்குள் படம் இருக்கிறதா, வெறும் கறுப்பு இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். வேறு யாராவது தெரிந்தவரைப் பாருங்கள் என்றேன். தங்கவேலு டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சவனைக் கூப்புட்டா தெரிஞ்சவன் கூலி கேப்பான், அண்ணே. உங்களுக்குப் பயம் கீதுல்ல, எனக்கு அந்தப் பயமே போதும்."

கறுப்புப் பை

பெரிய கம்பெனிகள் எடுத்து மீந்த துண்டு ஃபிலிம்களைத்தான் நாங்கள் வாங்கினோம். ஒவ்வொரு துண்டும் தீர்ந்தவுடன் அதை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அதற்கு ஒரு கறுப்புப் பை உண்டு. ஃபிலிமையும், ஃபிலிம் போடும் பெட்டியையும் அதற்குள் வைத்து ஜிப்பை மூடி, இரண்டு கைகளை மட்டும் உள்ளே விட்டு, கண் தெரியாதவன் பூ தொடுப்பதுபோல வேலை செய்யவேண்டும். கையை வெளியே இழுத்தால் வெளிச்சம் புகுந்து ஃபிலிம் போய்விடும்.

வற்றிய ஏரியில் ஒரு பனைமரத்து நிழலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தேன். முழங்கைக்கு மேல் ஏதோ ஊர்ந்தது. பல கால்கள் இருந்தன. பூரான் என்று வயிறு சொல்லிவிட்டது. அது பைக்குள் இருக்கிறதா, சட்டைக்குள் இருக்கிறதா என்று தெரியவில்லை. கையை இழுத்தால் காலையில் எடுத்த காட்சி முழுதும் போகும், இழுக்காவிட்டால் கடிக்கும். அசையாமல், மூச்சுகூட விடாமல், விரல்களால் மட்டும் ஃபிலிமைச் சுற்றி முடித்து டப்பாவை மூடினேன். கையை உருவிப் பார்த்தபோது ஒரு கட்டெறும்பு கூட இல்லை. வியர்வைதான் ஊர்ந்திருக்கிறது. எதிரே குந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் கதாநாயகன் கன்னியப்பன். அவர் சொன்னது: "கைய உள்ள வுட்டுக்கினு மூஞ்சிய அப்டி வெச்சுக்கினு இருந்தீங்களா, நான் கன்னுக்குட்டிதான் வரப்போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஒற்றைக் கண்

கன்னியப்பன் தெருக்கூத்து ஆடுகிறவர். துரியோதனன் வேஷம் கட்டினால் நாலு ஊர் திரண்டு வரும். விடிய விடிய ஆடியும் குரல் கம்மாத மனிதர். அவர் எங்கள் கேமரா ஓடத் தொடங்கியவுடன் மரமாகிவிட்டார். மதகு மேல் நின்று ஏரியைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் காட்சி. கேமரா கர்ரென்று சத்தம் போட்டதும் அவர் கண் ஏரியை விட்டு என்னிடம் வந்துவிடும். ஃபிலிம் ஓடுகிறது, அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், தங்கவேலு தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு துண்டுகள் இப்படியே தீர்ந்தன. இன்னும் இரண்டு இப்படிப் போனால் படத்தின் முடிவை எடுக்க ஃபிலிம் இருக்காது.

கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிறவருக்கு இதில் என்ன பயம் என்று தனியாக அழைத்துக் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, கேமராவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆயிரம் பேர் பாத்தா, அதுல பாதிப் பேர் தூங்கிக்கினு இருப்பான்ற தைரியம் கீது. இந்த ஒத்தக் கண்ணு சிமிட்டவே மாட்டேங்குது, போட்டோக்காரரே."

மறுநாள் அவரே ஒரு வழி செய்தார். கூத்தில் கிரீடத்துக்குச் செய்வதுபோல் கேமராவுக்குக் கற்பூரம் காட்டி, நெற்றி என்று அவர் தீர்மானித்த இடத்தில் குங்குமம் வைத்தார். லென்ஸில் தூள் விழாமல் இருக்க நான் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் கேமரா பக்கமே திரும்பவில்லை. காரணம் கேட்டதற்கு, "சாமிய யாராவது மொறச்சிப் பாப்பாங்களா?" என்றார்.

ரீடேக்

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி இழுப்பார்கள். யாரோ செய்த பாவம்தான் மழையைத் தடுக்கிறது என்று நம்பிக்கை. அந்தப் பாவிக்கு வைக்கோலில் ஒரு பெண்ணுருவம் கட்டி, சேலை சுற்றி, பிணம்போல் பாடையில் வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப் போய்ச் சுடுகாட்டில் கொளுத்துவார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். பாவி ஒழிந்தால் மழை வரும். எங்கள் கதையில் இந்தக் காட்சி இருந்தது. நாங்கள் படம் எடுத்த ஊரிலும் அதைச் செய்ய யோசித்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோலும் சேலையும் எங்கள் செலவு என்று தங்கவேலு சொன்னதும் ஊர் சம்மதித்தது. அவர் நடிப்பு என்று நினைத்தார். ஊர் அப்படி நினைக்கவில்லை என்பது, கொள்ளி வைக்கப் போகிறவர் மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

நான் மாட்டுவண்டியில் கேமராவோடு முன்னால் போனேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வெளிச்சத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, உள்ளங்கையில் விழும் நிழலைப் பார்த்துக் கணிப்பதுதான். சந்தேகம் வந்தபோதெல்லாம் லென்ஸை ஒரு படி கூடுதலாகத் திறந்துவைத்தேன். பாடை தெரு முனைக்கு வந்தது. பெண்களின் அழுகை உச்சத்தில் இருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர், தோளில் டிரான்சிஸ்டரோடு, நேராக லென்ஸுக்கு முன்னால் வந்து கும்பிட்டார். தங்கவேலு "கட்" என்று கத்தினார். பாடையைத் திரும்பத் தெருவின் தொடக்கத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்.

அழுகை நின்றது. யாரும் நகரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் நினைவு வந்தது கேமரா வாடகைக்கு எடுத்தது என்பதுதான். ஒப்பாரிக்கு முன்னால் நின்ற அம்மாள், கலைந்த கூந்தலை முடிந்துகொண்டே தங்கவேலுவிடம் வந்து நிதானமாகச் சொன்னாள்: "செத்தவள எதுக்குத் திருப்பி எடுத்துக்கினு போவணும்? ஒரு எழவுக்கு ஒரு அழுகைதான், நைனா. உனக்கு வேணும்னா நீ ஓடியாந்து புடிச்சிக்க."

எல்லோரும் சிரித்த மழை

ஓடிப்போய்ப் பிடித்தேன். சுடுகாடு வரை ஒரே ஓட்டமாக எடுத்தது அந்தக் காட்சி. டிரான்சிஸ்டர்காரரின் கும்பிடும் அதில் இருக்கிறது. அந்த வாரமே கிழக்கே கறுத்தது. பிறகு அப்படி ஒரு மழை. வெடித்துக் கிடந்த ஏரி தளும்பியது. ஊரில் பொங்கல் வைத்து எங்களுக்குப் பானையோடு அனுப்பினார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் தங்கவேலுவைக் கும்பிட்டார்கள். அவர் பேய் அறைந்தவர்போல இருந்தார். வற்றிய ஏரியில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்திருந்தோம், அது உண்மைதான். ஆனால் அதில் ஒரு டப்பா கெட்டுப் போயிருந்தாலும், திரும்ப எடுக்க அந்த ஏரி இனி இல்லை.

டப்பாக்கள் என் வீட்டில் இருந்தன. ஓட்டு வீடு, மூன்று இடத்தில் ஒழுகியது. நானும் தங்கவேலுவும் அவற்றை ஒழுகாத மூலைக்கு மாற்றி மாற்றி வைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி சரோஜா அதிகம் பேசமாட்டாள். அவள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன; அவள் பேசிய கொஞ்சமும் அதனால்தான் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊரே சிரிச்சிக்கினு கீது. நீங்க ரெண்டு பேரும் எழவு வூட்ல மாதிரி குந்திக்கினு கீறீங்களே, செத்த கொடும்பாவிக்கு நீங்கதான் பங்காளிங்களா?"

கோழி மருந்துக்குப் பக்கத்தில்

மழை விட்டதும் புழுக்கம் வந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கலர் ஃபிலிம் நிறம் மாறிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். சென்னைக்குக் கொண்டுபோக இன்னும் பணம் சேரவில்லை. எங்களுக்குத் தெரிந்து குளிர்ப்பெட்டி இருந்த ஒரே இடம் ஒரு மாட்டாஸ்பத்திரி. அங்கே இருந்த கம்பவுண்டர் என் ஸ்டூடியோவில் கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டவர், நல்ல மனிதர். கோழிக் கழிச்சல் மருந்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒருமுறை போனபோது அவர் ஆளைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அதுவே புதிது. டப்பாக்களில் ஒன்றின் ஒட்டுப் பட்டி கொஞ்சம் கோணலாக இருப்பதுபோலத் தோன்றியது; உற்றுப் பார்த்தால் எல்லாமே கோணலாகத் தோன்றின. அவர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கழுவி முடித்த அவருடைய கல்யாண நெகடிவை ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியிருந்தேன். அதுபோலக் கன்னியப்பனைப் பார்க்கலாம் என்று ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தையும் பிரித்து, ஃபிலிமைக் கொஞ்சம் இழுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்திருக்கிறார். எந்த டப்பா என்று கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன என்றார். என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: "ஒண்ணும் பயப்படாதீங்க சார், அதுல எதுவுமே வரல. வெறும் பழுப்பாதான் இருந்துது. அதான் அப்பவே பத்திரமா மூடி வெச்சுட்டேன்."

லேப்

கம்பவுண்டர் சொன்னதைத் தங்கவேலுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவழியாகப் பணம் சேர்ந்து, டப்பா மூட்டையோடு சென்னைக்குப் போன பஸ் செங்கல்பட்டைத் தாண்டியபோது சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் கண்டக்டர் வந்து, மூட்டையை மடியில் வைத்திருக்கிறீர்களே, டிரைவர் பக்கம் எஞ்சின் மேல் வையுங்கள், இடமிருக்கிறது என்றார். அந்தச் சூட்டில் முட்டையே வெந்துவிடும். உள்ளே கோழிக்குஞ்சு இருக்கிறது என்று தங்கவேலு திரும்பாமலே சொன்னார். பட்டணம் வரை யாரும் அதைத் தொடவில்லை.

லேபில் ஒரு பெஞ்சு இருந்தது. மூன்றாம் நாள் மாலை, கழுவும் பிரிவில் இருந்து ஒருவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். ஒரு டப்பா போய்விட்டது, வெளிச்சம் பட்டுப் புகை மூட்டம்போல் கிடக்கிறது என்றார். கன்னியப்பன் வற்றிய ஏரியில் மண்டியிட்டு அழும் காட்சி அது; படத்துக்கு உயிர் என்று நாங்கள் நினைத்தது. தங்கவேலு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மீதி என்ன ஆனது என்று கேட்டேன். லேப்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீதி எல்லாம் கீது. கேமரா புடிச்சது நீங்களா? ஒவ்வொரு ஷாட்டுக்கும் பயந்து பயந்து வெளிச்சத்த வாரிக் குடுத்து வெச்சிருக்கீங்க. தைரியசாலி எவனாவது எடுத்திருந்தா, அந்தப் பழைய ஃபிலிம்ல ஒண்ணுமே வந்திருக்காது."

கொட்டகைக்காரரின் குறை

அழும் காட்சி இல்லாமலே படத்தை ஒட்டினார்கள். கன்னியப்பன் படம் முழுதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. என்ன நடிப்பு என்று பிறகு பட்டணத்தில் பேசினார்களாம். முதலில் பட்டணத்தில் யாரும் வாங்கவில்லை. நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. கடைசியில் எங்கள் பக்கத்து டென்ட் கொட்டகை ஒன்றில், வேறு படப்பெட்டி வந்து சேராத ஒரு வாரத்தில், போட்டார்கள். நான் மணலில் உட்கார்ந்து திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைத்தான் பார்த்தேன். பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முறுக்கு கேட்டுக்கொண்டிருந்தார். தங்கவேலு வாசல் மூங்கிலைப் பிடித்தபடி நின்றார்.

கொடும்பாவி தெருவில் வந்தாள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். திரையில் அழுகிறவர்கள் யார், மணலில் அழுகிறவர்கள் யார் என்று பிரிக்க முடியவில்லை. கலவரம் ஆகிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே கீற்றின் மேல் சடசடவென்று மழை இறங்கியது. மறுநாளும் அதே காட்சி, அதே நேரம், மழை. மூன்றாம் நாள் கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. கொட்டகைக்காரர் எங்களைக் கூப்பிட்டார். சந்தோஷப்படுவார் என்று போனோம். அவர் கூரையைக் காட்டினார்: "கூட்டம் வருது, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டெய்லி கீத்து மாத்திக்கினு இருக்க முடியாது. அந்தக் கொடும்பாவியக் கொஞ்சம் வெட்டிட்டுக் குடுங்க."

பெட்டியும் நாங்களும்

அதற்குப் பிறகு படம் ஓடியது. 'மழைப் படம்' என்று பெயர் விழுந்தது. அடுத்த வருடமும் வானம் ஏமாற்றியபோது, கொட்டகை இல்லாத ஊர்க்காரர்கள்கூட வேட்டியில் திரை கட்டிப் போடப் பெட்டி கேட்டு வந்தார்கள். தங்கவேலுவின் மனைவி கழுத்துக்கு நகை திரும்பியது. மாமனார் பேசத் தொடங்கினார். கதை எப்படி, கேமரா எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த ரீலில் மழை வரும் என்றுதான் கேட்டார்கள்.

கூரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் படம் போட்டு, பெட்டி திரும்பி வரவில்லை. நானும் தங்கவேலுவும் போனோம். படத்தைப் பார்த்துப் பெண்கள் முறைப்படி அழுதிருக்கிறார்கள். மேகம் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியை அம்மன் கோயிலில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எங்களை யாரும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாஷ்டா கொடுத்தார்கள், கட்டில் போட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தபோதெல்லாம் இரண்டு ஆட்கள் கூடவே எழுந்தார்கள். அதே பெட்டி மறுவாரம் வேறு நாலு ஊருக்குப் போகவேண்டும். அது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த பிரதி. ஊர்ப் பெரியவர், வெற்றிலை மென்றபடி, மழை வரட்டும், பெட்டியையும் உங்களையும் சேர்த்தே அனுப்பிவைக்கிறோம் என்றார்.

இரண்டு நாள் நாங்கள் வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் என் கையில் ஒரு துளி விழுந்தது. பிறகு பத்துத் துளி. மண் வாசனைகூட வரவில்லை, அதற்குள் நின்றுவிட்டது. ஊர் கூடியது. இதை மழை என்று எடுத்துக்கொள்வதா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். தூறலுக்குப் பெட்டி கொடுத்தால் பெருமழைக்கு என்ன கொடுப்பது என்று ஒரு இளவட்டம் கேட்டான். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் வெகுநேரம் பார்த்தார். சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார்: "இது தூறல்தான், அதுல பேச்சே இல்ல. ஆனா இதுக்கு மேல இங்க குந்த வெச்சா நீங்க ரெண்டு பேரும் தாங்கமாட்டீங்க போலக் கீது, பொட்டிய எடுத்துக்கினு கெளம்புங்க."

சினிமாவில் தோற்றவன் பயம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். ஜெயித்தவன்தான் மழை வரக்கூடாது என்று ஒரு வருடமும், வரவேண்டும் என்று மறு வருடமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.